கியூ சரியாக அடிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

"இந்தக் கியூவில் ஏதோ கோளாறு, பார்த்துச் சொல்லுங்கள்" என்று பூல் ஆடும் கோலை நீட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன செய்கிறது என்றுதான். "சரியா அடிக்க மாட்டேங்குது" என்று பதில் வரும். அது போதாது. வழுக்குகிறதா, அதிர்கிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா, கையில் ஒட்டுகிறதா? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. டிப் (பந்தில் படும் தோல் நுனி) ஒட்டியும் சத்தத்தின் மூலத்தைத் தேடியும் பல வருடம் போனதில், திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகள் ஒரு கை விரல்களைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான் என்று புரிந்தது. அவற்றில் பலவும் காசு செலவழிக்காமலே தீருபவை.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் எளிய காரணத்தில் ஆரம்பித்துச் செலவு வைக்கிற காரணத்தில் முடித்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே போங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிப்பையும் எடையையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று பிறகு சொல்லவே முடியாது.

இங்கே வரும் அளவுகள் வழக்கமான இரண்டு துண்டு பூல் கியூவுக்கானவை: 57, 58 அங்குல நீளம், 18 முதல் 21 அவுன்ஸ் எடை, 12 முதல் 13 மி.மீ. டிப். ஸ்னூக்கர் கியூவின் டிப் 9, 10 மி.மீ. அளவில் இருக்கும். சோதனைகள் அதற்கும் பொருந்தும், அளவுகள் பொருந்தாது.

எதையும் தொடும் முன்: கியூவா, மேசையா, கையா?

இதைச் செய்யாமல் கீழே போகாதீர்கள். கியூ மேல் பழி வருகிற தடவைகளில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும்.

மற்ற பந்துகளை எடுத்துவிட்டு, வெள்ளைப் பந்தை உங்கள் பக்கத்துக் குறுக்குக் கோட்டின் நடுவில் வையுங்கள். எதிர்க் குஷனின் (மேசை ஓரத்து ரப்பர் விளிம்பு) நடுப்புள்ளியைக் குறி வைத்து, பந்தின் நட்டநடுவில், போய்த் திரும்பி உங்களிடமே வந்து நிற்கிற வேகத்தில் அடியுங்கள். அடித்த பிறகு கியூவை எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். பந்து டிப்பையே வந்து தொடவேண்டும். தொடாவிட்டால் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியது என்று பாருங்கள். இப்படி ஐந்து முறை.

இனி கியூவைத் திருப்புவதுதான் சோதனையின் உயிர். அடிக்கும் முன்பே பட் பகுதியில் (கியூவின் பின்பாதி) சாக்கால் (டிப் வழுக்காமல் இருக்கத் தடவும் கட்டி) ஒரு புள்ளி வைத்து, முதல் ஐந்து அடியையும் அது மேலே பார்க்கும்படி பிடித்து அடியுங்கள். அடுத்த ஐந்துக்குப் புள்ளி வலப்பக்கம் பார்க்கட்டும், பிறகு கீழே, பிறகு இடப்பக்கம். மொத்தம் 20 அடி.

* விலகல் கியூவோடு சேர்ந்து மாறினால் பிழை கியூவில்தான். வளைவாக இருக்கலாம், டிப்பின் உச்சி நடுவில் இல்லாமல் இருக்கலாம்.
* எப்படித் திருப்பினாலும் விலகல் ஒரே பக்கம் என்றால் மேசையின் மறுமுனைக்குப் போய் அதையே செய்யுங்கள். இங்கே வலப்பக்கம் போனது அங்கே இடப்பக்கம் போனால், மேசை மட்டமாக இல்லை.
* மறுமுனையிலும் அதே கைப்பக்கம் என்றால் காரணம் கைவீச்சு, இல்லாவிட்டால் குறி பார்க்கும்போது தலை நிற்கிற இடம்.

புது ஷாஃப்ட் (கியூவின் முன்பாதி) வாங்கியே தீருவது என்ற முடிவோடு ஒரு தம்பி வந்தார், வலது கைக்காரர். இருபதும் வலப்பக்கமே போயின, கிட்டத்தட்ட ஒரு பந்து அகலம். மறுமுனையிலிருந்தும் அப்படியே. பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் பின்கையைப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும்போது நேராகவே இருந்தது. அடிக்கிற கணத்தில், கடைசிப் பத்து சென்டிமீட்டரில் மட்டும், விரல்கள் இறுகி மணிக்கட்டு உடம்புப் பக்கம் மடங்கியது. பின்பக்கம் உள்ளே வந்தால் நுனி வெளியே போகும், பந்தின் வலப்பக்கம் படும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் தளர்த்திப் பிடிக்கச் சொன்னேன். அடுத்த ஐந்தில் மூன்று டிப்பை வந்து தொட்டன. எந்த ஷாஃப்ட் வாங்கியிருந்தாலும் அந்த மணிக்கட்டு மடங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அறிகுறி: அடிக்கடி மிஸ்கியூ (டிப் பந்தில் வழுக்குவது)

*சாக்.* நடுவில் பள்ளம் விழுந்த சாக்குக்குள் டிப்பை விட்டுத் திருகினால் ஃபெரூலில்தான் (டிப்புக்குக் கீழே இருக்கும் வளையம்) அதிகம் ஒட்டும். சாக்கைச் சாய்த்துப் பிடித்து, டிப்பின் ஓரத்திலிருந்து ஓரம்வரை மை பூசுவது போலத் தடவுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் எங்கேயும் வெறும் தோல் தெரியக் கூடாது.

*மெருகு ஏறிய டிப்.* அடி வாங்கி வாங்கித் தோல் இறுகி, பாலிஷ் போட்ட செருப்பு மாதிரி மின்னும். சாக் அதில் பிடிக்காது. டிப் உரசும் கருவியால் லேசாகத் தட்டிச் சொரசொரப்பாக்கினால் போதும். தினமும் சுரண்டாதீர்கள், டிப் வீணாகத் தேயும்.

*வடிவம்.* பக்கவாட்டில் பார்த்தால் டிப் ஒரு சின்ன குவிமாடம் போல இருக்கவேண்டும். வளைவின் ஆரம் 9 முதல் 10.5 மி.மீ. வரை இருப்பது பொதுவழக்கம். தட்டையாகிவிட்டால் ஸ்பின் போடும்போது பந்தில் விளிம்புதான் படும். வடிவம் கொடுக்கும் கருவியால் சரிசெய்யுங்கள், உச்சி நடுவில் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பாருங்கள்.

*அடிக்கிற இடம்.* பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதியைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும். 57 மி.மீ. பந்துக்கு அது மையத்திலிருந்து சுமார் 14 மி.மீ. அளந்து பார்க்க எளிய வழி, வெள்ளைப் பந்துக்குப் பதில் ஒரு பட்டைப் பந்தை (நடுவில் நிறப்பட்டை ஓடும் பந்து) வைப்பது. பட்டை கிடைமட்டமாக இருந்தால் அதன் மேல் கீழ் ஓரங்கள் ஏறக்குறைய எல்லை. செங்குத்தாக இருந்தால் இட வல எல்லை. அடித்த பிறகு சாக் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவுக்குக் கொஞ்சம் கீழேதான் அடித்தேன் என்று சத்தியம் செய்கிறவரின் தடம் பட்டையைத் தாண்டிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

*ஒட்டு விட்ட டிப்.* பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். மயிரிழை இடைவெளி திறந்தாலும் எடுத்து ஒட்டவேண்டியதுதான்.

*தேய்ந்த டிப்.* ஃபெரூலுக்கு மேலே தெரிகிற பக்கச்சுவர் 2 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றுங்கள். இழுத்துக்கொண்டே போனால் அடியின் அதிர்ச்சி நேராக ஃபெரூலுக்குப் போகும், அதை மாற்றுவது டிப்பைவிடப் பெரிய செலவு.

புது டிப் போட்டும் சில நாளில் அதே கதை என்றால் ஃபெரூலின் மேல்முகம் சமமாக இல்லை என்று அர்த்தம். அதைக் கையால் தேய்த்துச் சமமாக்க முடியாது. லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: அடிக்கும்போது கிர்ரென்ற அதிர்வு, 'டிக்' சத்தம்

ஆடுகிறவரின் மனதைக் கெடுக்கிற கோளாறு இதுதான். காது அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தால் குறி தானாகக் கெடும். சத்தத்தைத் தேட ஒரு ஒழுங்கு இருக்கிறது.

கியூவைக் கழற்றுங்கள். ஷாஃப்டை மட்டும் இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு பட் பகுதியைத் தனியாக. பிறகு மாட்டி முழுக் கியூவாக. எந்த நிலையில் சத்தம் வருகிறதோ அந்தக் கிளைக்குப் போங்கள்.

மாட்டினால் மட்டும் வருகிறது: ஜாயின்ட் (இரண்டு துண்டும் சேரும் இடம்) கடைசிவரை இறங்கவில்லை, அல்லது இரண்டு முகங்களுக்கு நடுவே அழுக்கு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் திருகு மரைகளையும், உலர்ந்த துணியால் முகங்களையும் சுத்தம் செய்யுங்கள். மாட்டியபின் ஜாயின்டை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லச் சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சக் கீற்று தெரிந்தால் முகம் சாய்ந்திருக்கிறது, அது லேத் வேலை. கைபலம் முழுவதையும் போட்டு முறுக்கி அதை மூடப் பார்க்காதீர்கள்.

பட் பகுதியில் வருகிறது: முதலில் பின்முனையில் இருக்கும் ரப்பர் பம்பர். அதைக் கழற்றிவிட்டு மறுபடி தட்டுங்கள். பல சமயம் இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்தது உள்ளே இருக்கும் எடை போல்ட். பம்பரை எடுத்தால் உள்ளே துளை தெரியும், பல கியூக்களில் நீண்ட ஆலன் கீ ஒன்று போதும்.

ஒரு கியூ என்னிடம் வந்தபோது அதற்கு ஏற்கெனவே இரண்டு முறை டிப்பும் ஒரு முறை ஃபெரூலும் மாற்றியிருந்தார்கள். சத்தம் முன்னால்தான் வருகிறது என்று அனைவருக்கும் நிச்சயம். வெறும் பட் பகுதியைத் தட்டினால் லேசாக, தகரத்தில் மணல் விழுந்த மாதிரி ஒரு ஒலி. பம்பரைக் கழற்றியும் நிற்கவில்லை. ஆலன் கீயை விட்டுத் திருகினேன், போல்ட் கால் சுற்று இறங்கியது. மறுபடி தட்டினேன், மரத்தின் சத்தம் மட்டும். மரத்துக்குள் அதிர்வு முழு நீளமும் ஓடும், அதனால் சத்தம் எங்கே பிறக்கிறது என்பதைக் காதை நம்பி முடிவு செய்யக் கூடாது. கழற்றித் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போல்ட்டும் இறுக்கமாக இருந்தால் ஜாயின்ட் பின்னை (இரண்டு துண்டையும் இணைக்கும் திருகு) விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் சூப்பர் க்ளூ ஊற்றினால் பின் கோணலாகவே இறுகிப்போகும், பிறகு திறமைசாலியாலும் சுத்தமாக மீட்பது கஷ்டம்.

ஷாஃப்டில் வருகிறது: டிப்பின் ஒட்டைப் பாருங்கள், பிறகு ஃபெரூல். ஃபெரூலைத் துடைத்துவிட்டு, பென்சில் கரியை விரலில் தொட்டுத் தேய்த்து, துணியால் ஒரு துடை. விரிசல் இருந்தால் கருங்கோடாக நிற்கும். ஃபெரூலை விரல்களால் பிடித்துத் திருகினால் நகர்கிறதா என்றும் பாருங்கள். விரிசலோ நகர்வோ இருந்தால் அந்தக் கியூவால் இனி ஒரு அடியும் வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் போகட்டும். ஆடுகிற கியூவாலேயே முழு பலத்தில் பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிப்பதால் ஃபெரூல் போவதைத் தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் வாங்கியவர்களுக்கு ஒன்று: அதன் சத்தமே மேப்பிள் மரத்தின் சத்தத்திலிருந்து வேறு. அது பிழை இல்லை.

அறிகுறி: உருட்டினால் ஆடுகிறது

மேசையில் கியூவை உருட்டி, நுனி துள்ளினால் 'வளைஞ்சிருச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஷாஃப்ட் நுனியை நோக்கி மெலிவதால் நடுவில் இடைவெளி இருப்பது இயல்பு. இடைவெளி இருக்கிறதா என்பது கேள்வி இல்லை. உருளும்போது அது கூடிக் குறைகிறதா என்பதுதான்.

ஷாஃப்டைத் தனியாக உருட்டுங்கள், பட் பகுதியைத் தனியாக உருட்டுங்கள். மேசையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, மறுபக்க வெளிச்சத்தில் அடியில் தெரியும் கீற்றைப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே நேராக உருண்டு, மாட்டினால் மட்டும் ஆடினால் மரத்தில் குற்றமில்லை, ஜாயின்ட் முகத்தில் அழுக்கோ சாய்வோ இருக்கிறது. சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். ஷாஃப்ட் மட்டும் ஆடினால் அது வளைந்திருக்கிறது.

இனி என் கருத்து. லேசான வளைவு உள்ள கியூவால் அருமையாக ஆடுகிறவர்கள் உண்டு, வளைவை எப்போதும் ஒரே திசையில் பிடிக்கப் பழகியிருப்பார்கள். முதலில் சொன்ன நால்திசைச் சோதனையில் பந்து விலகவில்லை என்றால் அந்த வளைவு ஆட்டத்தைத் தொடவில்லை, விட்டுவிடுங்கள். விலகுகிறது என்றால் புது ஷாஃப்ட்தான் நிரந்தரத் தீர்வு. நீராவி காட்டி நிமிர்த்துவது, எடை கட்டித் தொங்கவிடுவது எல்லாம் செய்து பார்க்கிறார்கள். அப்படி நிமிர்த்திய மரம் பெரும்பாலும் பழைய வளைவுக்கே திரும்பும். சுவரில் சாய்த்து வைப்பதையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவதையும் நிறுத்தினால் அடுத்த ஷாஃப்டாவது பிழைக்கும்.

அறிகுறி: நடுவில் அடித்தால் சரி, பக்க ஸ்பின் போட்டால் குறி தப்புகிறது

இடப்பக்கம் அடித்தால் பந்து கொஞ்சம் வலப்பக்கமாகக் கிளம்பும், வலப்பக்கம் அடித்தால் இடப்பக்கமாக. இது எல்லாக் கியூவிலும் உண்டு. அளவுதான் வேறு. ஷாஃப்டின் முன்முனை எவ்வளவு கனமோ அவ்வளவு அதிகம்.

ஆகவே இரண்டு கேள்விகள். சமீபத்தில் ஷாஃப்டையோ ஃபெரூலையோ மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் கியூ கெடவில்லை, உங்கள் கண் பழைய ஷாஃப்டின் கணக்கில் இருக்கிறது. ஒரே அடியை, ஒரே வேகத்தில், திரும்பத் திரும்ப அடித்துப் புதுக் கணக்கைப் பழகுங்கள். மாற்றவில்லை என்றால் மெதுவான அடியில் மட்டும் தப்புகிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து ஸ்பின் போட்டால் பந்து வழியில் வளைந்து போகும். குஷனை உரசும் அளவுக்குக் கியூவைத் தாழ்த்தினால் அது குறையும்.

இரண்டும் இல்லை, விலகல் உங்களுக்கு ஒத்துவரவே இல்லை என்றால் விலகல் குறைந்த ஷாஃப்ட் என்று விற்பதை வாங்கலாம். வாங்கும் முன் இரவல் வாங்கி ஒரு மாலையாவது ஆடுங்கள். இருக்கிற ஷாஃப்டை நீங்களே சீவி மெலிதாக்க வேண்டாம்.

அறிகுறி: கீழே அடித்தும் வெள்ளைப் பந்து பின்னுக்கு வர மாட்டேன் என்கிறது, அடியில் உயிர் இல்லை

பந்துகளைத் துடையுங்கள். ஒரு துணியால் தீருகிற விஷயத்துக்கு ஆட்கள் புது கியூ வாங்கியிருக்கிறார்கள். அழுக்குப் பந்து மற்றப் பந்தோடு அதிகம் உரசும். நைந்த, ஈரம் ஏறிய மேசைத்துணியும் ஸ்பின்னைத் தின்றுவிடும். அதே கியூவால் வேறொரு மேசையில் அடித்துப் பாருங்கள்.

அங்கேயும் அப்படித்தான் என்றால் பட்டைப் பந்துச் சோதனை. நினைத்ததைவிடத் தடம் மேலே விழுந்திருந்தால் பின்கை கடைசியில் தாழ்ந்து நுனியைத் தூக்குகிறது. டிப்பையும் பாருங்கள், மென்மையான டிப் அடி வாங்கிக் கல்லாக இறுகியிருக்கலாம்.

எடை கடைசி. கியூவை ஒரு விரலில் நிறுத்தி, நிற்கும் இடம் பின்முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளங்கள். பெரும்பாலான கியூக்களில் 18, 19 அங்குலத்துக்கு அக்கம்பக்கம் வரும். முன்கையில் கனமாகத் தெரிகிறதா, பின்கையிலா என்பதை வைத்து எடை போல்ட்டை மாற்றலாம். ஒரு தடவைக்கு அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம், அதற்கு மேல் வேண்டாம். மாற்றியபின் ஒரு வாரம் ஆடிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: ஷாஃப்ட் கையில் ஒட்டுகிறது, நெருடுகிறது

வியர்வையும் சாக் தூளும் சேர்ந்த பூச்சுதான். முதலில் கையைக் கழுவுங்கள். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஷாஃப்டைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு தோல் துண்டை வைத்துச் சூடேறும்வரை வேகமாகத் தேயுங்கள். உப்புத்தாள் தொடவே கூடாது. ஒவ்வொரு முறையும் மயிரிழை மரம் போகும், வருடக் கணக்கில் பார்த்தால் ஷாஃப்ட் இளைத்துவிடும்.

சின்னப் பள்ளம் நெருடினால் அந்த இடத்தில் மட்டும் நனைத்த காகிதத் துண்டை ஒரு சில நிமிடம் வையுங்கள். அமுங்கிய மரம் நீரைக் குடித்து எழும்பும். உலர்ந்ததும் தோலால் தேயுங்கள். நார் அறுந்து வெட்டாகவே விழுந்திருந்தால் எழும்பாது, நிரப்பித்தான் ஆகவேண்டும், அது தொழில் தெரிந்தவர் வேலை. கார்பன் ஷாஃப்டுக்கு இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம், ஆல்கஹால் தோய்த்த துணி போதும்.

அறிகுறி: டிப் காளான் மாதிரி விரிகிறது, கழன்று விழுகிறது

புது டிப் ஒரு தடவை விரிவது சகஜம். ஃபெரூலை விட்டு வெளியே வந்ததை மட்டும் கூரான கத்தியால், ஃபெரூலில் படாமல் சீவி, பக்கச்சுவரை லேசாக ஈரப்படுத்தித் தோலால் தேய்த்து இறுக்குங்கள். மறுபடி மறுபடி விரிந்தால் அந்த டிப் உங்கள் அடிக்கு மிருது, அடுத்த தடவை ஒரு படி கெட்டியானதைப் போடுங்கள்.

விழுந்துவிட்டால் விழுந்த முகத்தைப் பாருங்கள். பழைய பசை ஃபெரூலில் மேடு பள்ளமாக இருந்தால் அதுதான் காரணம். பசையை முழுவதும் நீக்கி, இரண்டு முகமும் சமமாகி, விரல் எண்ணெய் படாமல் இருந்தால்தான் எந்தப் பசையும் நிற்கும். சரியாக ஒட்டியும் மூன்றாவது தடவை விழுந்தால் ஃபெரூல் முகத்தை லேத்தில் சமப்படுத்தச் சொல்லுங்கள்.

எந்த வேலைக்காகப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தாலும், அறிகுறி என்ன, எப்போது வருகிறது, நீங்கள் எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஷாஃப்டோடு சுற்றிக் கொடுங்கள். கொடுக்கும் முன் ஃபெரூலுக்குக் கீழே மரத்தின் விட்டத்தைக் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 12.8 மி.மீ. கொடுத்தால் 12.8 தான் திரும்பி வரவேண்டும். டிப் மாற்றிய பிறகு 12.6 ஆக வந்தால், யாரோ உங்கள் ஷாஃப்டை உப்புத்தாளால் 'சுத்தம்' செய்திருக்கிறார்கள்.